எஃப்.பி.ஐ.யின் சென்டினல்: அஜைல் வெற்றிக் கதையில் விடுபட்ட பாதி

மென்பொருளைச் சிறு துண்டுகளாக உருவாக்கி, அடிக்கடி பயனரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறைக்கு அஜைல் என்று பெயர். அதைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளை முழுமையாகக் கணினிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் போராடியது. முதல் முயற்சி 17 கோடி டாலர் செலவான பிறகு கைவிடப்பட்டது. சென்டினல் என்ற இரண்டாவது முயற்சி பாதி வழியில் நின்றது. அப்புறம் ஒரு சிறிய குழு அஜைல் முறைக்கு மாறி, மிச்சமிருந்த கொஞ்சப் பணத்தை வைத்து வேலையை முடித்துக் கொடுத்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் கதையை இந்த அளவோடு நிறுத்திவிடும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டுப் போகிற ஒரு மேலாளர் தன் நிறுவனத்தில் ஆர்க்கிடெக்சர் குழுவைக் கலைத்துவிட்டு ஸ்க்ரம் என்ற அஜைல் வகையின் வேலைப் பலகைகளை மாட்டக் கிளம்பினால், சென்டினல் திட்டத்தின் பாடத்தை அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் முயற்சி செத்ததற்கு முக்கியக் காரணம் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் இல்லாதது. இரண்டாவது முயற்சியில் அது இருந்தது, ஆனால் காகிதத்தில் இருந்ததைப் பயனர் முன்னால் வைத்துச் சோதித்துப் பார்க்கும் வேகம் இல்லை. கடைசிக் கட்டத்தில்தான் இரண்டும் ஒரே இடத்தில் கூடின. அப்படிக் கூடியபோதும் சில விஷயங்கள் தப்பித்துப் போயின. அவற்றைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று நான் இங்கே சொல்வது பெரிய படங்கள் வரைந்த சுவரொட்டிகளை அல்ல. நிறுவனம் செய்யும் வேலைகள் என்னென்ன, அவற்றுக்கு வேண்டிய தகவல் எது, அந்தத் தகவலின் அதிகாரபூர்வப் பிரதி எந்த அமைப்பில் இருக்கிறது, அமைப்புகளுக்கு இடையே எது எப்படிப் போகிறது, யார் எதைப் பார்க்கலாம். இந்தக் கேள்விகளுக்கு நிறுவனம் முழுவதும் ஒரே பதில் இருந்தால் அங்கே ஆர்க்கிடெக்சர் இருக்கிறது என்று பொருள். அது எந்த வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி.

காகிதமே ஆவணம்

எஃப்.பி.ஐ. 1995-இல் ஏ.சி.எஸ். என்ற வழக்கு மேலாண்மை அமைப்பைக் கொண்டுவந்தது. வரும்போதே அது பழையது. 1970-களின் மெயின்ஃபிரேம் தொழில்நுட்பம், பச்சை எழுத்துத் திரை, மவுஸ் கிடையாது. ஓர் அறிக்கையை உள்ளே ஏற்ற வேண்டுமென்றால் திரை மாற்றித் திரை மாற்றிப் போக வேண்டும். வெறுத்துப்போய் அதைத் தொடாமலே விட்டவர்களும் இருந்தார்கள்.

திரையின் நிறத்தைவிடப் பெரிய பிரச்சினை அடியில் இருந்தது. அதிகாரபூர்வ ஆவணம் காகிதம்தான். ஒரு முகவர் யாரையாவது விசாரித்துவிட்டு வந்தால் அதற்கென்று உள்ள படிவத்தில் எழுதுவார், அச்செடுப்பார், மேலதிகாரி கையெழுத்திடுவார், அது கோப்பில் போகும். கணினியில் இருப்பது அதன் நிழல். இந்த ஓர் உண்மையை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த பத்தாண்டில் நடந்த பெரும்பாலானவை புரியும்.

2000 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 38 கோடி டாலர் ஒதுக்கியது. டிரைலஜி என்று பெயர் வைத்தார்கள். மேசைக் கணினிகள் ஒரு பகுதி, நெட்வொர்க் இன்னொரு பகுதி, பயனர் மென்பொருள் மூன்றாவது. முதல் இரண்டும் டைன்கார்ப் நிறுவனத்துக்குப் போயின. மூன்றாவது 2001 ஜூனில் எஸ்.ஏ.ஐ.சி. என்ற நிறுவனத்துக்குப் போனது. தொடக்கத்தில் மூன்றாவது பகுதியின் நோக்கம் அடக்கமானது: பழைய மென்பொருள்களுக்கு முன்னால் ஒரு வலை முகப்பு வைப்பது.

ராபர்ட் முல்லர் இயக்குநராகப் பொறுப்பேற்றது 2001 செப்டம்பர் 4. ஒரு வாரத்தில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. சந்தேக நபர்களின் படங்களைக் கள அலுவலகங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப முடியாமல், ஒரே இரவில் சேர்க்கும் கூரியரில் அனுப்பினார்கள். நாடு முழுவதும் இதைக் கேட்டு அதிர்ந்தது. முகப்பு மட்டும் மாற்றினால் போதாது, ஏ.சி.எஸ்.ஸையே தூக்கிவிட வேண்டும் என்ற முடிவு வந்தது. அப்படிப் பிறந்ததுதான் விர்ச்சுவல் கேஸ் ஃபைல், சுருக்கமாக வி.சி.எஃப்.

வி.சி.எஃப்.: எட்டுக் குழுக்கள், ஒரு வரைபடமும் இல்லை

முடிவு சரியானதுதான். அவசரமும் நியாயமானது. ஆனால் வேலையின் அளவு பல மடங்கு பெருகியபோது, எதை எதோடு இணைக்கிறோம் என்று சொல்லும் வரைபடம் ஒன்றுகூட எஃப்.பி.ஐ.யிடம் இல்லை. அரசு அமைப்புகள் தகவல் தொழில்நுட்ப ஆர்க்கிடெக்சரை உருவாக்கிப் பராமரிக்க வேண்டும் என்று 1996-இன் கிளிங்கர்–கோஹன் சட்டமே சொல்லியிருந்தது. ஜான் ஸாக்மன் ஆர்க்கிடெக்சர் எழுதுவதற்கான தன் கட்டமைப்பு முறையை 1987-இலேயே வெளியிட்டிருந்தார். அதனால் இது யாருக்கும் தெரியாத புதுக் கலையாக இருந்தது என்று சொல்ல வழியில்லை. 2003 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பான ஜி.ஏ.ஓ., எஃப்.பி.ஐ.க்கு எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் இல்லை என்று எழுதியது. 2004 மே மாதம் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழுவும் அதையே சொன்னது. அந்தக் குழுவுக்குத் தலைவர் ஐ.பி.எம். ஆராய்ச்சிப் பிரிவை முன்பு நடத்திய ஜேம்ஸ் மெக்ரோடி.

வரைபடம் இல்லாதபோது அந்த இடத்தை எது நிரப்பும்? தேவைப் பட்டியல் நிரப்பும். 2002-இல் முகவர்களும் பொறியாளர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். விளைவு 800 பக்கங்களைத் தாண்டிய ஓர் ஆவணம். என்ன வேண்டும் என்பதோடு நிற்காமல், திரை எப்படி இருக்க வேண்டும் என்பது வரை அதில் எழுதினார்கள். பக்கத்தில் என்ன இருக்கும் என்று முடிவானது. அந்தப் பக்கம் காட்டும் தகவலுக்கு உரிமையாளர் எந்த அமைப்பு என்பது முடிவாகவில்லை. பல நிறுவனங்களில் இன்றும் இதே வரிசையில்தான் வேலை நடக்கிறது, ஏனென்றால் திரையைப் பற்றி எல்லோராலும் பேச முடியும்.

நேரத்தை மிச்சப்படுத்த எஸ்.ஏ.ஐ.சி. வேலையை எட்டுக் குழுக்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிட்டது. மெல்வின் கான்வே 1968-இல் எழுதியது நினைவுக்கு வருகிறது: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்த நிறுவனத்தின் பேச்சுத் தொடர்பு எப்படி இருக்கிறதோ அப்படியே அமையும். எட்டுக் குழுக்களுக்கும் பொதுவான அடித்தளம் இல்லையென்றால், எட்டுத் துண்டுகளாகத்தான் மென்பொருள் வரும். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகும் துப்பு யாருடைய பதிவு, தகவல் தரும் ரகசிய நபர் பற்றிய கோப்பை எந்த நிலை வரை காட்டலாம், சாட்சியப் பொருளின் எண் எங்கே உருவாகிறது போன்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகப் பதில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் கடைசி இணைப்பின்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு மேல் ஆபத்தான முடிவு ஒன்றும் இருந்தது. ஒரே நாளில் ஏ.சி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு வி.சி.எஃப்.பை எல்லா இடத்திலும் இயக்குவது, பின்வாங்க வழியில்லாமல். ஆராய்ச்சிக் கவுன்சில் குழு இதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் எஃப்.பி.ஐ. திட்டத்தை மாற்றிக்கொண்டது.

2003 டிசம்பரில் மென்பொருள் கைக்கு வந்தது. சுமார் 7 லட்சம் வரி நிரல். எஃப்.பி.ஐ. முதலில் 17 குறைகளைச் சுட்டியது, பட்டியல் பிறகு 59 ஆனது. நடுவர் ஒருவரிடம் போனார்கள். அவர் பார்த்துவிட்டு, 59-இல் 19 எஃப்.பி.ஐ.யே தேவையை மாற்றியதால் வந்தவை, 40 எஸ்.ஏ.ஐ.சி.யின் பிழைகள் என்று பிரித்தார். எனக்கு இந்த வழக்கில் மிகவும் உறைப்பது இந்த எண்கள்தான். எது பிழை, எது புதுத் தேவை என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு நடுவர் தேவைப்பட்டிருக்கிறார். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஆர்க்கிடெக்சர் இருந்திருந்தால் இந்தத் தகராறில் பெரும்பகுதி சில மணி நேரப் பேச்சில் தீர்ந்திருக்கும். ஆர்க்கிடெக்சரின் பயன்களில் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை: மாற்றத்தையும் குறையையும் பிரித்தறிய அது ஒரு பொது அளவுகோல்.

2005 தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் அலுவலகத்தில் ஒரு குறுகிய வடிவத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அதோடு வி.சி.எஃப். கைவிடப்பட்டது. 17 கோடி டாலரில் 10.5 கோடி டாலருக்கான நிரல் எதற்கும் பயன்படாது என்று கணக்கானது.

அஜைல் இருந்திருந்தால் வி.சி.எஃப். பிழைத்திருக்குமா? அஜைல் அறிக்கையை 17 பேர் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் கூடி எழுதியது 2001 பிப்ரவரி. எஸ்.ஏ.ஐ.சி. ஒப்பந்தத்துக்கு நான்கு மாதம் முன்பு. அதனால் கேள்வி நியாயமானது. என் பதில்: பிழைத்திருக்காது, ஆனால் சீக்கிரம் செத்திருக்கும். எட்டுக் குழுக்களும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு டெமோ காட்டியிருக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது 2003 கடைசியில் தெரிவதற்குப் பதில் 2002-இலேயே தெரிந்திருக்கும். பணம் மிஞ்சியிருக்கும், அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒட்டாததை ஒட்டவைக்கும் வேலையை ஸ்பிரின்ட், அதாவது அஜைலின் குறுகிய வேலைச் சுற்று, தானாகச் செய்யாது.

சென்டினலின் முதல் நான்கு ஆண்டுகள்

2004-இல் ஸல்மாய் அஸ்மி தலைமைத் தகவல் அதிகாரியாக நிலைகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த நாற்காலியில் ஆட்கள் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர் காலத்தில் எஃப்.பி.ஐ. தன்னிடம் என்னென்ன அமைப்புகள் இருக்கின்றன என்று கணக்கெடுத்தது, எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சரை எழுதத் தொடங்கியது, எந்தத் திட்டமும் கட்டம் கட்டமாகத் தணிக்கை தாண்டித்தான் போக வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. டிரைலஜியின் கணினி, நெட்வொர்க் பகுதிகளும் தாமதமாகவேனும் 2004-இல் முடிந்துவிட்டன. பேசப்படாத வேலை இது. பின்னால் வந்த எல்லாம் இதன்மேல் நின்றன.

2006 மார்ச்சில் சென்டினல் ஒப்பந்தம் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்குப் போனது. ஒப்பந்தத் தொகை 30.5 கோடி டாலர், மொத்தச் செலவு மதிப்பீடு 42.5 கோடி, பிறகு அது 45.1 கோடியானது. நான்கு கட்டங்கள். முதல் கட்டம் 2007 ஜூனில் வந்தது. ஏ.சி.எஸ்.ஸில் இருப்பதை உலாவியில் காட்டும் வலைவாசல் அது. பயனுள்ளதுதான், ஆனால் 2001-இல் முதலில் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

இரண்டாம் கட்டத்தில் சிக்கல் தொடங்கியது. 2009 கடைசியில் தரப்பட்ட பகுதியை எஃப்.பி.ஐ. நிபந்தனையோடு ஏற்றது. பயன்படுத்திப் பார்த்தவர்கள் தரமும் வேகமும் சரியில்லை என்றார்கள். 2010 மார்ச்சில் வேலையின் ஒரு பகுதியை நிறுத்தச் சொன்னார்கள், ஜூலையில் நிறுத்தம் விரிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நீதித் துறை அமைச்சகத்தின் தணிக்கை அமைப்பான இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை நிலைமையைப் பச்சையாகச் சொன்னது. ஆகஸ்ட் வரை 45.1 கோடியில் 40.5 கோடி செலவு. நான்கு கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தன. 18 படிவங்களில் 4 மட்டும் கணினியில் நிரப்பலாம். அந்த நான்கையும்கூட அச்செடுத்துத்தான் கையெழுத்து வாங்க வேண்டும், காகிதக் கோப்பில்தான் வைக்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தில் நின்று பாருங்கள். நான்காண்டுக்கும் மேல் ஆகி, 40 கோடி டாலர் செலவாகி, இன்னும் காகிதமே ஆவணம். வழக்கு மேலாண்மை அமைப்பின் மையமான கேள்வி, அதிகாரபூர்வப் பிரதி எது என்பதுதான். மின் கையெழுத்து, ஒப்புதல் வரிசை, திருத்த வரலாறு, நீதிமன்றத்தில் நிற்கும் பதிவு எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பவை. அதை முதலில் செய்யாமல், எளிதானவற்றை முதல் கட்டங்களில் வைத்து, கடினமானதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். கட்டம் கட்டமாகப் போகும் பெரிய ஒப்பந்தங்களில் இந்தச் சாய்வு இயல்பாக வரும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஏதாவது காட்டியாக வேண்டும், எளிதானது சீக்கிரம் காட்டக் கிடைக்கும். அபாயம் மட்டும் குறையாமல் அப்படியே அடுத்த கட்டத்துக்கு நகரும். தணிக்கை வாசல்கள் எத்தனை வைத்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கட்டத்துக்கு உரியது முடிந்ததா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

பழைய முறையிலேயே தொடர்ந்தால் குறைந்தது இன்னும் 35.1 கோடி டாலரும் 6 ஆண்டுகளும் ஆகும் என்று மைட்டர் என்ற வெளி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. எஃப்.பி.ஐ. அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. ஆனால் அதே பாதையில் போக முடியாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

நிலத்தடித் தளத்தில் 21 ஸ்பிரின்ட்

2010 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி சாட் ஃபுல்காம், தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜெஃப் ஜான்சன். இருவரும் தனியார் நிதித்துறையில் வேலை பார்த்து வந்தவர்கள். உருவாக்கத்தில் இருந்த ஒப்பந்த ஊழியர்களைச் சுமார் 220-இலிருந்து 40-ஆகக் குறைக்கத் திட்டமிட்டார்கள். தலைமையகத்தின் நிலத்தடித் தளத்தில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மீதமிருந்த வேலை சுமார் 670 ஸ்டோரிகளாக, அதாவது பயனர் செய்ய விரும்புவதைச் சொல்லும் சிறு தேவைக் குறிப்புகளாக, எழுதப்பட்டது. இரண்டு வார ஸ்பிரின்ட் 21. ஒவ்வொன்றின் முடிவிலும் இயங்கும் மென்பொருளைக் காட்ட வேண்டும், ஸ்லைடுகளுக்கு இடமில்லை.

என்ன மாறியது? தட்டச்சு வேகம் மாறவில்லை. முடிவெடுக்கும் நேரம் மாறியது. ஒப்பந்த அமைப்பில் ஒரு புலத்தின் பெயரை மாற்றவேண்டும் என்றால் கடிதம், மதிப்பீடு, ஒப்புதல், விலை மாற்றம் என்று வாரங்கள் போகும். இங்கே எது வேண்டும் என்று முடிவு செய்யும் தயாரிப்பு உரிமையாளர் அதே அறையில் இருந்தார். கேள்வி காலையில் வந்தால் பதில் மாலைக்குள் வரும். கடினமான ஸ்டோரியைத் தள்ளிப்போட்டால் அது எல்லோர் கண்ணிலும் படும். அரசுத் திட்டம் ஒன்றில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் உழைத்தவர்கள் உணர்வார்கள். அஜைலுக்குச் சேர வேண்டிய பெருமையை நான் குறைக்கவே விரும்பவில்லை.

ஆனால் இந்தச் சிறு குழு வெற்று நிலத்தில் தொடங்கவில்லை. 2001-இல் இல்லாத நவீனக் கணினியும் நெட்வொர்க்கும் 2010-இல் இருந்தன. வலைவாசல் இருந்தது. ஆண்டுக்கணக்கில் வாதாடி எழுதிய தேவை ஆவணம் இருந்தது, ஸ்டோரிகள் அதிலிருந்துதான் வடிந்தன. எஃப்.பி.ஐ.யின் அமைப்புகள் எவை, சென்டினல் எதோடு பேச வேண்டும், எதோடு பேசத் தேவையில்லை என்ற எல்லை தெளிவாகியிருந்தது. 2002-இன் எட்டுக் குழுக்களிடம் இதில் பெரும்பாலானவை கிடையாது. சிறிய குழு வேகமாக ஓட முடிந்ததற்கு அதன் எல்லைகளைப் பற்றி யாரும் தினமும் சண்டை போடவேண்டியிருக்கவில்லை என்பதும் ஒரு காரணம். அந்த அமைதியை வாங்கிக் கொடுத்தது முந்தைய ஆண்டுகளின் ஆர்க்கிடெக்சர் வேலை. 40.5 கோடி டாலரும் வீண் என்று சொல்லிவிட்டுக் கடைசி ஆண்டை மட்டும் கொண்டாடுவது கணக்கில் நேர்மையற்றது.

இனி, ஸ்பிரின்டுகள் எதைப் பிடிக்கவில்லை என்று பார்க்கலாம்.

முதல் திட்டப்படி 2011 செப்டம்பரில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தேதி நழுவியது. 2011 அக்டோபரில் 700-க்கும் மேற்பட்ட எஃப்.பி.ஐ. ஊழியர்களை வைத்து ஒரு பெரிய ஒத்திகை நடத்தினார்கள். ஒத்திகையின்போது அமைப்பு இரண்டு முறை படுத்துவிட்டது. காரணம் என்று எஃப்.பி.ஐ. சொன்னது பழைய வன்பொருளின் கொள்ளளவு. புதிய வன்பொருள் வாங்க வேண்டியதாயிற்று, தேதி 2012-க்குப் போனது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெமோ காட்டிய குழுவுக்கு இது ஏன் முன்பே தெரியவில்லை? டெமோவில் பத்துப் பேர் பார்ப்பார்கள், ஒருவர் சொடுக்குவார். எத்தனை ஸ்டோரி முடிந்தாலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும்போது என்ன ஆகும் என்பது அந்த அறையில் தெரியாது. கொள்ளளவு எந்தத் தனி ஸ்டோரிக்கும் சொந்தமில்லை, அதனால் பேக்லாகில், அதாவது செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில், அதற்காகப் பேசுவதற்கு ஆள் இல்லை. அரசு கொள்முதலில் வன்பொருள் வாங்க மாதங்கள் ஆகும் என்பதும் இதோடு சேர்கிறது. இரண்டு வாரத்தில் மாற்ற முடியாத விஷயம் இரண்டு வாரச் சக்கரத்துக்குள் வைக்கப்பட்டால், சக்கரம் அதைத் தாண்டிப் போய்விடும்.

2012 ஜூலை 1-இல் சென்டினல் எல்லா ஊழியர்களுக்கும் திறக்கப்பட்டது. 30,000-க்கும் மேற்பட்ட பயனர்கள். வி.சி.எஃப். காலத்தில் எல்லோரையும் பயமுறுத்திய ஒரே நாள் மாற்றம் இப்போது அமைதியாக நடந்தது. ஒத்திகை அதன் வேலையைச் செய்திருந்தது. முகவர் எழுதுவது, மேலதிகாரி ஒப்புதல் தருவது, கையெழுத்து எல்லாம் கணினியில். அதிகாரபூர்வப் பிரதி கடைசியில் காகிதத்தை விட்டு நகர்ந்தது.

இரண்டாண்டு கழித்து, 2014 செப்டம்பரில், இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் பயனர்களைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. பொதுவாகத் திருப்தி, வேலை மேம்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் அதிருப்தி: தேடல், மற்றும் குறியீடு செய்தல். தேடினால் வேண்டியது கிடைப்பதில்லை, அல்லது பார்த்து முடிக்க முடியாத அளவுக்கு வந்து விழுகிறது. முன்பு உதவி ஊழியர்கள் செய்த குறியீட்டு வேலை முகவர்கள் தலையில் வந்துவிட்டது என்றும் குறை சொன்னார்கள்.

இந்த இரண்டும் தற்செயலாக ஒன்றாக வரவில்லை. பெயர், முகவரி, தொலைபேசி எண், வண்டி எண் ஆகியவற்றை ஆவணத்திலிருந்து பிரித்து இணைத்து வைப்பதுதான் குறியீடு. தேடல் அதன்மேல் நிற்கிறது. யார் குறியிடுவார், எந்தப் பட்டியலின்படி, பழைய ஏ.சி.எஸ். பதிவுகளும் புதியவையும் ஒரே தேடலில் எப்படிச் சேரும் என்பவை முழுக்க முழுக்கத் தகவல் ஆர்க்கிடெக்சர் கேள்விகள். 2001 செப்டம்பருக்குப் பிறகு எஃப்.பி.ஐ.யைத் துரத்திய கேள்வியும் இதுதான்: ஓர் அலுவலகத்தில் இருக்கும் தகவல் இன்னோர் அலுவலகத்துக்குத் தெரியவேண்டும். படிவத்தை நிரப்பி ஒப்புதல் வாங்கும் பாதை ஸ்டோரிகளாக அழகாகப் பிரியும். ஒரு நிறுவனத்தின் நினைவை ஒழுங்குபடுத்தும் வேலை அப்படிப் பிரிவதில்லை.

இதை வைத்து ஒரு நிறுவனம் என்ன செய்யலாம்

பெரிய நிறுவனங்களில் இன்று இரு முகாம்கள் இருக்கின்றன. ஆர்க்கிடெக்ட்கள் ஓர் ஆய்வுக் குழு வைத்து ஒவ்வொரு வடிவமைப்பையும் ஒப்புதலுக்கு வரச் சொல்கிறார்கள். டீம்கள் அவர்களைத் தடையாகப் பார்த்து ஒதுங்கிப் போகின்றன. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சமரசம் பேச எனக்கு விருப்பமில்லை. எந்த முடிவு யாருக்கு என்று பிரிக்கும் கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்பதே என் கருத்து.

கோட்டை நான் இப்படிப் போடுவேன். ஒரு முடிவு தவறென்று தெரிந்தால் அதை ஒரு ஸ்பிரின்டுக்குள், ஒரே டீம் மாற்றிவிட முடியுமா? முடியுமென்றால் அது டீமின் முடிவு, ஆர்க்கிடெக்ட் அதில் தலையிட வேண்டாம். திரை, நிரல் அமைப்பு, எந்த நூலகம், உள் அட்டவணைகள் எல்லாம் இதில் அடங்கும். முடியாதென்றால் அது பலரையும் கட்டிப்போடும் முடிவு. தகவலின் அதிகாரபூர்வப் பிரதி எங்கே, டீம்களுக்கு இடையிலான இடைமுகம், யார் எதைப் பார்க்கலாம் என்ற விதி, பழைய அமைப்பிலிருந்து மாறும் பாதை, கொள்ளளவு. பட்டியல் இவ்வளவுதான், சில நிறுவனங்களில் இன்னும் ஒன்றிரண்டு சேரலாம். ஆர்க்கிடெக்டின் பட்டியல் நீளமாக இருந்தால் அவர் டீம் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள்.

இந்தச் சின்னப் பட்டியலிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு போதும். என்ன முடிவெடுத்தோம், ஏன், எதை விட்டுக்கொடுத்தோம், எது மாறினால் இதை மறுபடி திறப்போம். 800 பக்கம் யாரும் படிப்பதில்லை. ஒரு பக்கத்தைப் புது ஆள்கூட சேர்ந்த அன்றே படித்துவிடுவார். குறிப்பை எழுதியவர் டீமுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், தன் முடிவு நிரலில் எப்படி வலிக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து வரும் ஆர்க்கிடெக்சரில் எனக்கு நம்பிக்கையில்லை. சென்டினலின் நடுக்கட்டம் அதற்குச் சாட்சி.

அப்புறம், அந்த முடிவுகளைச் சோதிக்கும் வேலையும் ஸ்பிரின்டுக்குள் வர வேண்டும், இறுதி ஒத்திகை வரை காத்திருக்கக் கூடாது. கொள்ளளவுக்கென்று பேக்லாகில் ஓர் உரிமையாளர், ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் உண்மையான வன்பொருளுக்கு நிகரான இடத்தில் ஒரு சுமைச் சோதனை, அதன் எண் டெமோவின் முதல் திரையில். அனுமதி விதிகளுக்குத் தானியங்கிச் சோதனை, யாராவது விதியை உடைத்தால் நிரல் உள்ளே போகாது. இப்படிச் செய்தால் ஆய்வுக் குழுவின் கூட்டங்களில் பாதி தேவைப்படாது.

பழைய அமைப்பொன்றை மாற்றும் வேலைக்கு என்னைக் கேட்டால், முதல் மூன்று ஸ்பிரின்டில் அழகான திரை எதுவும் கேட்க மாட்டேன். ஒரே ஒரு படிவம், தொடக்கத்திலிருந்து ஒப்புதல் கையெழுத்து வரை, காகிதமில்லாமல் போக வேண்டும். அந்தப் படிவத்தின் பழைய பதிவுகளில் ஒரு பெரிய துண்டை, அழுக்கோடும் பிழையோடும், புது அமைப்புக்குள் கொண்டுவர வேண்டும். பிறகு, தாங்களே கையாண்ட பழைய வழக்குகளை அதில் தேடிக் கண்டுபிடிக்கும்படி பத்துப் பயனர்களைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள் என்பதை வைத்து நான்காவது ஸ்பிரின்டைத் திட்டமிடலாம்.